எதிரே ஒரு நாற்காலி

வணக்கம் சார்,

ஐந்து வருஷமாக நெதர்லாந்தில், ஐந்தோவனில் வேலை பார்க்கிறேன். போன மாதம் குடும்பத்தோடு பிராக் போயிருந்தோம். ஊர் சுற்றும்போது ஒரு பூங்காவின் பெயரைப் பார்த்து நின்றுவிட்டேன்: மாக்ஸ் ஃபான் டெர் ஸ்டூல் பூங்கா. சுத்தமான டச்சுப் பெயர். செக் நாட்டில் இவருக்கு என்ன வேலை என்று தோன்றியது. திரும்பி வந்து அலுவலகத்தில் விசாரித்தேன். இளைஞர்கள் யாருக்கும் தெரியவில்லை. ஓய்வுபெறும் வயதில் இருக்கும் ஒருவர் மட்டும், "நம் ராணி மாக்சிமாவின் அப்பாவிடம் பேசி அவரைக் கல்யாணத்துக்கு வராமல் இருக்கச் செய்தாரே, அவர்தான்" என்றார்.

அப்புறம் நானே தேடிப் படித்தேன். 1977ல் வெளியுறவு அமைச்சராகப் பிராக் போன இவர், அரசாங்கத்துக்குப் பிடிக்காத ஒரு வயதான தத்துவப் பேராசிரியரைச் சந்தித்திருக்கிறார். போலீஸ் அந்தப் பேராசிரியரைப் பிடித்து விசாரித்திருக்கிறது. இரண்டு வாரத்துக்குள் அவர் இறந்துவிட்டார். அமைச்சர் விமானம் ஏறி ஊருக்குப் போய்விட்டார். அவர் பெயரில் பூங்கா. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. உள்ளே இருப்பவன் உயிரைக் கொடுக்கிறான், வெளியே இருந்து வந்தவனுக்குப் பெயர் கிடைக்கிறது. இந்த மாதிரி ராஜதந்திரிகளால் யாருக்கு என்ன பயன்? நீங்கள் ஐரோப்பிய வரலாறு பற்றி எழுதுவதால் கேட்கிறேன்.

ம., ஐந்தோவன்

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வந்து நான்கு நாள் ஆகிறது. உடனே பதில் எழுத முடியாததற்குக் காரணம், உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதே சமயம் நீங்கள் கோபப்படுகிற மனிதர் நான் பல வருஷமாக மனதுக்குள் வைத்திருக்கிற ஒருவர். இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் எழுத வேண்டும்.

முதலில் பிராகில் நடந்ததைச் சரியாகப் பார்த்துவிடலாம். அந்தப் பேராசிரியர் யான் பாதொச்கா. 1907ல் பிறந்தவர், தத்துவ அறிஞர் ஹுஸ்ஸர்லிடம் படித்தவர். நாஜிகள் வந்தபோது செக் பல்கலைக்கழகங்களை மூடினார்கள், கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்தபோது வேலையிலிருந்து அனுப்பினார்கள், 1968ல் கொஞ்சம் சுதந்திரக் காற்று வீசியபோது திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள், 1972ல் கட்டாய ஓய்வு கொடுத்து மறுபடி வீட்டுக்கு அனுப்பினார்கள். இவ்வளவு பெரிய அறிஞர் வாழ்நாளில் பல்கலைக்கழக வகுப்பில் நின்று பாடம் நடத்தியது சில வருஷங்கள்தான். மீதியெல்லாம் வீட்டு அறைகளில், நம்பிக்கையான பத்துப் பதினைந்து மாணவர்களுக்கு நடத்திய பாடம்.

1977 ஜனவரியில் சாசனம் 77 என்ற மனித உரிமை அறிக்கை வெளியானது. அதில் புரட்சி எதுவும் இல்லை. 1975 ஆகஸ்டில் ஹெல்சிங்கியில் 35 நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன, செக்கோஸ்லோவாக்கியாவும் போட்டது. மனித உரிமைகளை மதிப்போம் என்று அதில் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டதைக் கடைப்பிடியுங்கள், அவ்வளவுதான் சாசனம் கேட்டது. அதற்கு மூன்று பேச்சாளர்கள்: பாதொச்கா, நாடகாசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெல், 1968ல் வெளியுறவு அமைச்சராக இருந்த யிர்ஷி ஹாயெக். ஜனவரி நடுவிலேயே ஹாவெலைக் கைது செய்துவிட்டார்கள். ஹாயெக் வீட்டைச் சுற்றிப் போலீஸ். ஆக, வெளியில் நடமாடிப் பேசக்கூடியவராக மிஞ்சியது 69 வயதுப் பாதொச்கா மட்டும்.

இந்த நேரத்தில்தான் ஃபான் டெர் ஸ்டூல் அரசுமுறைப் பயணமாகப் பிராக் வருகிறார். மார்ச் 1ஆம் தேதி. அவரோடு வந்த டச்சுப் பத்திரிகையாளர்கள் பாதொச்காவை அவர் தங்கியிருந்த இன்டர்கான்டினென்டல் ஹோட்டலுக்கு அழைத்து வந்துவிடுகிறார்கள். அமைச்சரின் நிகழ்ச்சி நிரலில் இப்படி ஒரு சந்திப்பே கிடையாது. தயங்குகிறார். இதை மறைக்க வேண்டியதில்லை. விருந்தாளியாக வந்த நாட்டின் அரசாங்கத்தைச் சங்கடப்படுத்த எந்த வெளியுறவு அமைச்சரும் யோசிப்பார். அன்று வரை மேற்கு நாட்டு அமைச்சர் ஒருவர்கூடச் சாசனக்காரர்களைச் சந்தித்ததில்லை. பிறகு சம்மதிக்கிறார். ஹோட்டல் அறையில், பத்திரிகையாளர்கள் சுற்றி நிற்க, சில நிமிடங்கள். கை குலுக்குகிறார், முதியவர் சொல்வதைக் கேட்கிறார். அவ்வளவுதான் நடந்தது.

அதிபர் ஹுசாக் அமைச்சருக்குக் கொடுத்திருந்த நேரத்தை ரத்து செய்தார். பாதொச்காவைப் போலீஸ் அழைத்துப்போய்ப் பல மணி நேரம் விசாரித்தது. ஏற்கெனவே உடம்பு சரியில்லாதவர், மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மார்ச் 13ஆம் தேதி மூளையில் ரத்தக்கசிவால் இறந்தார். பிரெவ்னோவ் கல்லறையில் அடக்கம் நடந்தபோது தலைக்கு மேலே போலீஸ் ஹெலிகாப்டர் வட்டமிட்டது. பக்கத்துப் பந்தயத் தடத்தில் மோட்டார் சைக்கிள்களை முறுக்கி ஓட்டினார்கள். பாதிரியார் சொல்லும் ஜெபம் யார் காதிலும் விழக் கூடாது என்பதற்காக. இறந்தவனின் குழிக்குப் பக்கத்தில்கூட ஓர் அரசாங்கம் இப்படிப் பயந்து நின்றதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஃபான் டெர் ஸ்டூலின் கைகுலுக்கலால்தான் பாதொச்கா செத்தாரா? அந்தச் சந்திப்பு இல்லாமல் இருந்தால் அந்த வாரம் அந்த விசாரணை நடந்திருக்காது என்று சொல்ல இடமிருக்கிறது, ஆனால் அதற்கு முன்பே ஜனவரி முழுக்க அவரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டு விசாரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். நோயாளியான ஒரு முதியவரை நாள் முழுக்க நாற்காலியில் உட்கார வைத்தவர்கள் யாரோ அவர்கள் தலையில்தான் இந்தப் பழி விழ வேண்டும். இன்னொன்றும் சொல்கிறேன், இது எனக்கு முக்கியம். பாதொச்காவை யாரும் பிடித்து இழுத்து அந்த ஹோட்டலுக்குக் கொண்டுவரவில்லை. அவர் வந்தார். என்ன ஆகும் என்று தெரிந்தே வந்தார். மருத்துவமனைப் படுக்கையிலிருந்து மார்ச் 8ஆம் தேதி ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். துன்பப்படுவதற்குத் தகுதியான விஷயங்கள் உண்டு என்பது எங்கள் ஜனங்களுக்கு மறுபடியும் தெரிந்திருக்கிறது என்று அதில் சொல்கிறார். 'உயிரைக் கொடுத்தவன்' என்று அவரைப் பரிதாபமாகப் பார்ப்பது அவரைச் சின்னதாக்குவது. அவர் ஒரு முடிவு எடுத்தார், அந்த முடிவுக்கு எதிரே உட்கார ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஃபான் டெர் ஸ்டூல் உட்கார்ந்தார்.

டச்சில் ஸ்டூல் என்றால் நாற்காலி என்பது ஐந்து வருஷத்தில் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்த மனிதரின் வாழ்க்கையைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பெயர் எனக்குள் திரும்பத் திரும்ப வரும். 'அப்படி ஓர் ஆள் எங்கள் நாட்டில் கிடையாது, அப்படி ஒரு பிரச்சினையே கிடையாது' என்று ஓர் அரசாங்கம் யாரைச் சொல்கிறதோ, அவருக்கு எதிரே போய் உட்காருவதுதான் இவர் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை. பிராக் அதில் முதலும் இல்லை, கடைசியும் இல்லை.

1924ல் லைடன் நகரத்தை ஒட்டிய ஃபோர்ஸ்கோட்டனில் பிறந்தவர். அப்பா டாக்டர். ஜெர்மானியப் படை நெதர்லாந்துக்குள் நுழைந்தபோது இவருக்கு 15 வயது, போர் முடியும்போது 20. லைடன் பல்கலைக்கழகத்தில் சட்டமும் பிறகு சமூகவியலும் படித்தார். தொழிலாளர் கட்சியின் ஆய்வு மையத்தில் வேலை, கட்சியின் சர்வதேசச் செயலாளர் பதவி, மேலவை, கீழவை, 1965ல் வெளியுறவுத் துறையில் துணை அமைச்சர். இதெல்லாம் எந்த அரசியல்வாதிக்கும் இருக்கக்கூடிய ஏணிதான். இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடலாம்.

திருப்பம் கிரீஸ். 1967 ஏப்ரல் 21ஆம் தேதி அங்கே ராணுவக் கர்னல்கள் ஆட்சியைப் பிடித்தார்கள். மனித உரிமைகளுக்கான ஐரோப்பிய நாடுகளின் அமைப்பான ஐரோப்பிய கவுன்சிலின் பேரவை, கிரீஸில் என்ன நடக்கிறது என்று பார்த்துச் சொல்ல ஃபான் டெர் ஸ்டூலை நியமித்தது. நன்றாக யோசித்துப் பாருங்கள், கிரீஸ் நேட்டோவில் இருக்கிறது, நெதர்லாந்தும் நேட்டோவில் இருக்கிறது, பனிப்போர் உச்சத்தில் இருக்கிறது. கம்யூனிஸ்டுகளைத் தடுக்கத்தான் ஆட்சியைப் பிடித்தோம் என்று கர்னல்கள் சொல்கிறார்கள். கண்ணை மூடிக்கொள்ள எல்லாக் காரணங்களும் கையில் இருந்தன. இவர் ஏதென்ஸுக்குப் போனார், அமைச்சர்களைப் பார்த்தார், அதோடு நிற்காமல் சிறையிலிருந்து வெளியே வந்தவர்களைத் தேடிப்போய்ப் பேசினார். உள்ளங்காலில் தடியால் அடிப்பது அந்தப் போலீஸின் வழக்கமான சித்திரவதை. நடக்க முடியாமல் போனவர்கள் சொன்னதை உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டார். கொஞ்ச நாளில், இனி வர வேண்டாம் என்று கர்னல்கள் கதவைச் சாத்திவிட்டார்கள். 1969 ஜனவரியில் அவருடைய அறிக்கை பேரவைக்கு வந்தது. இந்த ஆட்சி இருக்கும் வரை கிரீஸ் இந்த அமைப்பில் இருக்க முடியாது என்ற நிலைக்குப் பேரவையைக் கொண்டுவந்தது அந்த அறிக்கை. அதே வருஷம் டிசம்பர் 12ஆம் தேதி, வெளியேற்றும் தீர்மானம் வருவதற்குச் சற்று முன்னால், கிரீஸ் தானாகவே வெளியேறியது. 1974ல் கர்னல்கள் விழுந்த பிறகுதான் திரும்பச் சேர்ந்தது.

உடனே கர்னல்கள் விழுந்துவிட்டார்களா என்று கேட்டால், இல்லை. ஐந்து வருஷம் ஆனது. சிறையில் இருந்தவர்களுக்கு ஐந்து வருஷம் என்பது என்ன என்று நமக்குத் தெரியாது. ஆனால் நம் நண்பர்கள் பக்கத்தில் நடக்கும் சித்திரவதையும் சித்திரவதைதான் என்று காகிதத்தில் ஏற்றிவிட்ட பிறகு, இல்லை என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

1973ல் பிரதமர் யோப் டென் அய்ல் அமைச்சரவையில் வெளியுறவு அமைச்சரானார். அந்த வருஷம் அக்டோபரில் மத்திய கிழக்கில் போர். டச்சு அரசு இஸ்ரேல் பக்கம் நிற்கிறது என்று அரபு நாடுகள் நெதர்லாந்துக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. நவம்பர் 4ஆம் தேதி முதல் சில வாரங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை. நீங்கள் தினமும் போகிற நெடுஞ்சாலைகளில் அன்று குழந்தைகள் சக்கரச் சறுக்குப் போட்டு விளையாடினார்கள், குடும்பம் குடும்பமாக நடு ரோட்டில் சைக்கிள் விட்டார்கள். அலுவலகத்தில் அந்தப் பெரியவரைக் கேட்டுப் பாருங்கள், கல்யாணக் கதையைவிட இது அவருக்கு நன்றாக நினைவிருக்கும். 1975ல் சூரினாம் விடுதலை பெற்றதும் இந்த ஆட்சியில்தான். பிராக் சந்திப்பு நடந்து மூன்றே வாரத்தில் அமைச்சரவை கவிழ்ந்தது, ஆனால் அதற்குக் காரணம் வேறு, உள்நாட்டு நிலக் கொள்கைச் சண்டை. 1981ல் சில மாதங்களுக்கு மறுபடியும் அமைச்சர். அப்புறம் மூன்று வருஷம் நியூயார்க்கில் ஐநாவுக்கான டச்சுத் தூதர், அப்புறம் ஹேக்கில் அரச ஆலோசனை மன்றம்.

சாதாரணமாக இங்கே ஒருவர் ஓய்வு பெற்றுத் தோட்டம் போட்டிருப்பார். என்னைப் பொறுத்தவரை இவருடைய பெரிய வேலை 65 வயதைத் தாண்டிய பிறகுதான் ஆரம்பிக்கிறது.

1991ல் ஐநா அவரை ஈராக்கின் மனித உரிமை நிலவரம் பற்றிய சிறப்பு அறிக்கையாளராக நியமித்தது. 1992 ஜனவரியில் ஈராக் போனார். திரும்பி வந்து கொடுத்த அறிக்கையில், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இதற்கு இணையாகச் சொல்லக்கூடியவை மிகச் சில என்ற பொருளில் எழுதினார். சதாம் அரசு அவரை மறுபடி உள்ளே விடவில்லை. அவரும் வேலையை விடவில்லை. எல்லைக்கு அப்பால் அகதிகளிடம் கேட்டுக் கேட்டு 1999 வரை வருஷா வருஷம் அறிக்கை கொடுத்தார்: குர்திய கிராமங்கள், காணாமல் போனவர்கள், தெற்கே சதுப்பு நிலத்தை வடிய வைத்து அங்கே வாழ்ந்த மக்களை விரட்டியது, எல்லாம்.

இதே காலத்தில் இன்னொரு வேலையும் கையில் வைத்திருந்தார். யூகோஸ்லாவியா பற்றி எரிந்துகொண்டிருந்த 1992ல், ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு மாநாட்டில், டச்சு அரசு முன்வைத்த யோசனைப்படி ஒரு புதிய பதவியை உருவாக்கினார்கள். தேசியச் சிறுபான்மையினர் தொடர்பான உயர் ஆணையர். 1993 ஜனவரியில் முதல் ஆணையராக ஃபான் டெர் ஸ்டூல் பொறுப்பேற்றார், 2001 வரை இருந்தார். ஹேக்கில் ஒரு சின்ன அலுவலகம், விரல் விட்டு எண்ணக்கூடிய ஊழியர்கள். படை கிடையாது, தடை விதிக்கும் அதிகாரம் கிடையாது, யாருக்கும் உத்தரவு போட முடியாது. பதவியின் பெயரைக் கவனியுங்கள், சிறுபான்மையினருக்கான ஆணையர் என்று இல்லை, சிறுபான்மையினர் தொடர்பான ஆணையர். அவர் யாருக்கும் வக்கீல் கிடையாது. சண்டை வருவதற்கு முன்னால் போய் அதைத் தடுக்க வேண்டும், அதுதான் வேலை. பயங்கரவாதம் நடக்கும் இடங்களில் அவர் தலையிடக் கூடாது என்றும் விதி இருந்தது. அந்த ஒரு விதியால் துருக்கியின் குர்திய மக்களைப் போன்றவர்கள் அவருடைய அதிகார எல்லைக்கு வெளியே போய்விட்டார்கள். பெரிய நாடுகள் தங்கள் வீட்டுக்குள் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்று வைத்துக்கொண்ட விதி அது. எனக்கு அதில் இன்றும் ஆறாத வருத்தம் உண்டு.

இருந்தாலும் இருந்த அதிகாரத்தை வைத்து என்ன செய்தார் என்பதற்கு நார்வாவைப் பார்க்கலாம். எஸ்டோனியாவின் கிழக்கு ஓரத்தில், ஆற்றங்கரையில் இருக்கும் ஊர். ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு கோட்டை, அந்தப் பக்கம் ரஷ்யாவின் இவான்கோரோட் கோட்டை, இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும். ஊரில் 90 சதவீதத்துக்கு மேல் ரஷ்ய மொழி பேசுபவர்கள். 1991ல் எஸ்டோனியா சுதந்திரம் அடைந்தபோது, 1940க்கு முன் குடிமக்களாக இருந்தவர்களுக்கும் அவர்கள் வழி வந்தவர்களுக்கும் மட்டும்தான் தானாகக் குடியுரிமை. நாட்டின் மக்களில் மூன்றில் ஒரு பங்குபோல ஒரே நாளில் குடியுரிமை இல்லாதவர்கள் ஆனார்கள். 1993 ஜூனில் வெளிநாட்டவர் சட்டம் வந்தது. வசிப்பதற்கு அனுமதி கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். முப்பது நாற்பது வருஷம் ஒரு ஆலையில் வேலை செய்து, அதே ஊரில் பிள்ளை பெற்று வளர்த்தவரிடம் 'நீ வெளிநாட்டவர், அனுமதி கேள்' என்றால் எப்படி இருக்கும்? நார்வாவும் பக்கத்து ஊரான சில்லமாயும் தன்னாட்சி கேட்டு ஜூலையில் வாக்கெடுப்பு நடத்தப்போவதாக அறிவித்தன. ரஷ்யாவின் படை இன்னும் எஸ்டோனியாவை விட்டுப் போகவில்லை. மாஸ்கோ உறுமுகிறது. அந்த வருஷம் போஸ்னியாவில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும்.

எஸ்டோனியர்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஐம்பது வருஷம் அந்தச் சின்ன நாட்டைச் சோவியத் யூனியன் விழுங்கி வைத்திருந்தது, ஜனங்களை ரயிலேற்றி சைபீரியாவுக்கு அனுப்பியது. தங்கள் மொழி தங்கள் மண்ணிலேயே சிறுபான்மையாகிவிடுமோ என்ற பயம் அவர்களுக்குக் கற்பனை கிடையாது.

ஃபான் டெர் ஸ்டூல் தலைநகர் தாலினுக்கும் நார்வாவுக்குமாக அலைந்தார். அதிபர் லென்னார்ட் மெரி சட்டத்தை ஐரோப்பிய நிபுணர்களின் கருத்துக்கு அனுப்பி, திருத்தத்துக்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டார். வாக்கெடுப்பைப் பலத்தால் தடுக்க மாட்டோம் என்று அரசிடம் ஃபான் டெர் ஸ்டூல் ஓர் உறுதி வாங்கினார். அது செல்லுமா செல்லாதா என்று நீதிமன்றம் சொல்வதை ஏற்றுக்கொள்கிறோம் என்று நார்வாத் தலைவர்களிடம் இன்னோர் உறுதி. ஜூலை 16, 17 தேதிகளில் வாக்கெடுப்பு நடந்தது, நீதிமன்றம் செல்லாது என்றது, இரு தரப்பும் சொன்ன சொல்லில் நின்றார்கள். யாரும் சாகவில்லை. யாரும் சாகாததால் அது எந்த ஊர்ச் செய்தித்தாளிலும் பெரிய எழுத்தில் வரவில்லை. இவர் பெயர் உங்கள் அலுவலக இளைஞர்களுக்குத் தெரியாததற்குக் காரணமும் அதுதான்.

அவர் அமைச்சர்களுக்கு எழுதிய கடிதங்கள் பிற்பாடு வெளியிடப்பட்டன. சில இரவுகள் உட்கார்ந்து அவற்றைப் படித்திருக்கிறேன். 'மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு' என்று ஆரம்பித்து, வறண்ட மொழியில், அலங்காரம் ஒரு சொல்கூட இல்லாமல் போகும். 1993 ஏப்ரலில் எஸ்டோனியா, லாட்வியா போன்ற பால்டிக் நாடுகளின் அமைச்சர்களுக்கு எழுதியதில் அவர் கேட்பது இப்படிப்பட்ட விஷயங்கள்: குடியுரிமைக்கான மொழித் தேர்வைக் கடினமாக வைக்காதீர்கள், 60 வயது தாண்டியவர்களுக்கும் உடல் ஊனமுற்றவர்களுக்கும் அதிலிருந்து விலக்குக் கொடுங்கள், உங்கள் மண்ணில் பிறந்து எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் நிற்கும் குழந்தைகளுக்குக் குடியுரிமை கொடுங்கள். பெரிய தத்துவம் எதுவும் இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், 63 வயதில் ஒரு ஆலைத் தொழிலாளி, பதினான்கு வேற்றுமை உருபுகள் கொண்ட எஸ்டோனிய மொழியில் தேர்வு எழுதப் போய் உட்கார்ந்திருக்கும் காட்சியை மனதில் பார்க்காதவரால் அந்த வரியை எழுத முடியுமா? லாட்வியாவில் 1998 அக்டோபரில் பொது வாக்கெடுப்பே நடந்து, வயதுவாரியாக வரிசையில் காக்க வைத்த முறை போனது, சுதந்திரத்துக்குப் பின் பிறந்த குழந்தைகளுக்கு வழி திறந்தது. ஐந்து வருஷமாக ஒரே கோரிக்கையைக் கடிதத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார் அவர்.

எஸ்டோனியாவின் தேசியவாதிகள் அவரை ரஷ்யாவின் குரல் என்றார்கள். மாஸ்கோ அவரைப் பால்டிக் நாடுகளுக்கு விட்டுக்கொடுப்பவர் என்றது. இன்றும் லாட்வியாவில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் 'குடிமக்கள் அல்லாதோர்' என்று அச்சிட்ட பாஸ்போர்ட்டோடு வாழ்கிறார்கள். கொசோவோவுக்கு அவரைத் தூதராக நியமித்தபோது பெல்கிரேடில் இருந்த யூகோஸ்லாவிய அரசு கதவைத் திறக்கவே இல்லை. கிரீமியாவுக்காக அவர் நடத்திய வட்டமேசைகள் தொண்ணூறுகளில் நிலைமை கைமீறாமல் பார்த்துக்கொள்ள உதவின, 2014ல் ரஷ்யா கிரீமியாவையே எடுத்துக்கொண்டது. இதையெல்லாம் சேர்த்துத்தான் அவரை மதிப்பிட வேண்டும்.

ஒரே மனிதர், ஒரே வருஷங்களில், ஈராக்கைப் பற்றி உலகத்துக்குக் கேட்கும்படி உரக்கப் பேசினார், எஸ்டோனியாவிடம் மூடிய அறைக்குள் மெதுவாகப் பேசினார். முதலில் இது எனக்கு முரண்பாடாகத் தெரிந்தது. பிறகு புரிந்தது. சதாமிடம் பேசித் திருத்த எதுவும் இல்லை, அங்கே நடப்பதைப் பதிவு செய்து வெளியே கொண்டுவருவது ஒன்றுதான் மிச்சம். எஸ்டோனியா அப்படியில்லை, அன்று புதிதாகப் பிறந்த ஜனநாயகம், ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரத் துடித்துக்கொண்டிருந்தது, நல்ல பெயர் அதற்கு வேண்டியிருந்தது. அந்த இடத்தில் பகிரங்கமாகத் திட்டினால் அமைச்சர் தன் வாக்காளர்கள் முன்னால் விறைத்துக்கொண்டு நிற்பார், தனியறையில் சொன்னால் ஒரு பத்தியைத் திருத்துவார். எங்கே எந்தக் குரல் என்று தெரிந்தவர்கள் அரசியலில் ரொம்பக் குறைவு.

டெட்டோவோவைச் சொல்லாமல் விட முடியாது. இன்று வட மாசிடோனியா என்று அழைக்கப்படும் மாசிடோனியாவில் நான்கில் ஒருவர் அல்பேனியர், ஆனால் அன்று அல்பேனிய மொழியில் உயர்கல்வி இருக்கவில்லை. 1994 கடைசியில் டெட்டோவோவில் அவர்களே ஒரு பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார்கள், அரசு சட்டவிரோதம் என்றது, 1995 பிப்ரவரியில் போலீஸ் வந்ததில் ஓர் உயிர் போனது. ஒரு பல்கலைக்கழகத்துக்காக! ஃபான் டெர் ஸ்டூல் வருஷக்கணக்கில் அங்கே போய்க்கொண்டே இருந்தார். அல்பேனியர் மட்டும் படிக்கும் பல்கலைக்கழகம் வந்தால் நாடு மொழிவாரியாக உடையும் என்று ஒரு பக்கம் பயம், எங்கள் மொழியில் படிக்கக்கூட உரிமை இல்லையா என்று மறுபக்கம் வலி. கடைசியில் அவர் கொண்டுவந்த வழி, அல்பேனியம், மாசிடோனியம், ஆங்கிலம் மூன்றிலும் பாடம் நடக்கும் ஒரு தனியார் பல்கலைக்கழகம். 2000ல் சட்டம் வந்தது, வெளிநாடுகளிலிருந்து பணத்தையும் திரட்டினார். 2001ல் அதே டெட்டோவோவைச் சுற்றி துப்பாக்கிச் சண்டை வெடித்தது. ஆகஸ்டில்தான் சண்டையை முடித்துவைத்த ஒஹ்ரிட் ஒப்பந்தம். அந்த இலையுதிர்காலத்திலேயே தென்கிழக்கு ஐரோப்பியப் பல்கலைக்கழகம் வகுப்புகளைத் தொடங்கிவிட்டது. இன்றும் நடக்கிறது, அவர் பெயரில் ஓர் ஆய்வு மையமும் அங்கே இருக்கிறது. பூங்காவைவிட அதைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை.

சரி, கல்யாணக் கதை. அப்போது டச்சு இளவரசராக இருந்த வில்லெம் அலெக்சாண்டர் மணக்க விரும்பிய மாக்சிமாவின் அப்பா ஹோர்ஹே சொரெகியெத்தா, அர்ஜென்டினாவில் விதேலாவின் ராணுவ ஆட்சியில் வேளாண்மைத் துறைப் பொறுப்பில் இருந்தவர். ஆயிரக்கணக்கானவர்கள் காணாமல் ஆக்கப்பட்ட ஆட்சி அது. பட்டத்து இளவரசர் கல்யாணத்துக்கு டச்சுப் பாராளுமன்றம் ஒப்புதல் தர வேண்டும், நாடே இரண்டாகப் பிரிந்து நின்றது. பிரதமர் விம் கோக் இவரைத்தான் கூப்பிட்டார். 76 வயது. கர்னல்களால் கதவடைக்கப்பட்டவர், இப்போது ராணுவ ஆட்சியில் பங்கெடுத்த ஒருவருக்கு எதிரே போய் உட்கார்ந்தார். அங்கே என்ன பேசினார்கள் என்று அவர் தம்பட்டம் அடிக்கவில்லை. 2001 மார்ச்சில் நிச்சயதார்த்தம் அறிவித்தபோது, மகளின் கல்யாணத்துக்கு அப்பா வர மாட்டார் என்பதும் சேர்ந்தே வந்தது. 2002 பிப்ரவரி 2ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் தேவாலயத்தில் அக்கார்டியன் போன்ற பாண்டோனியனில் அர்ஜென்டினாவின் தாங்கோ இசை ஒலித்தபோது மணப்பெண் கண்ணைத் துடைத்ததை உங்கள் சக ஊழியர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பார். அந்தக் கண்ணீரும் உண்மை, காணாமல் போன பிள்ளைகளுக்காகப் புவனோஸ் ஐரெஸ் சதுக்கத்தில் வெள்ளைத் தலைக்குட்டையோடு நடந்த தாய்மார்களின் கண்ணீரும் உண்மை. இரண்டையும் மதித்து ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் அந்த அப்பாவிடம் கோபப்பட்டு எழுந்து வந்திருப்பேன், அதனால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இருந்திருக்காது.

2011 ஏப்ரல் 23ஆம் தேதி ஹேக்கில் இறந்தார், 86 வயது.

நீங்கள் கேட்ட 'யாருக்கு என்ன பயன்' என்பதற்கு நார்வாவும் டெட்டோவோவும் என் பதில். பிராகைப் பொறுத்தவரை, அந்தப் பூங்காவுக்குப் பெயர் வைத்தவர்கள் செக் மக்கள். பாதொச்காவை இழந்தவர்கள் அவர்கள்தான், அவருடைய சாவில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று நம்மைவிட அவர்களுக்குத் தெரியும்.

ஒரு வேண்டுகோள். மறுபடி பிராக் போனால் பிரெவ்னோவுக்கும் போங்கள், அதுவும் அந்தப் பூங்கா இருக்கும் பிராக் 6 பகுதியில்தான் வரும். பழைய மடாலயத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் பாதொச்கா இருக்கிறார். குழந்தைகளையும் கூட்டிப் போங்கள். இப்போது அங்கே ஹெலிகாப்டர் சத்தம் கிடையாது, அன்று யார் காதிலும் விழாமல் போன ஜெபத்தை இன்று யார் வேண்டுமானாலும் நின்று சொல்லலாம்.

அன்புடன்